தச்சன் என்பது பிழையல்ல

ஆசிரியருக்கு,

பைபிளில் மாற்கு நற்செய்தி 6:3-இல் இயேசுவைக் குறிக்கும் ‘டெக்டோன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கொத்தனார் என்பதே பொருள், தச்சன் என்பது பிழை என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். கட்டட வேலைக்காரரையும் அச்சொல் குறிக்கும், சரி. ஆனால் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் கொல்லனைச் சொல்ல ‘இரும்பு டெக்டோன்’ என்று அடைமொழி சேர்க்கிறார்கள் (1 சாமுவேல் 13:19). அடைமொழி இல்லாமல் வந்தால் மரவேலைக்காரரைத்தான் நினைப்பார்கள் என்றுதானே ஆகிறது? 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், இயேசு கலப்பையும் நுகமும் செய்தார் என்றே எழுதுகிறார். நானும் நுகத்தடி செதுக்கியவன். மாட்டின் கழுத்து படுகிற இடத்தை இழைத்து, சிராய் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் கொடுப்போம். இயேசு வளர்ந்த கலிலேயாவில் சுவர் கல்தான். உத்தரமும் கதவும் யார் செய்தது? அடுத்த இணைப்பில் இதையும் வெளியிடுங்கள்.

தச்சுத் தொழிலாளி, நாகர்கோவில்