அடுப்பு வாங்க முதல்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். 3 கிழமைக்குப் பிறகு உன்னட்டை இருந்து வந்தது இரண்டு படமும் ஒரு வரியும்: "இந்த அடுப்பு பரவாயில்லையோ அப்பா, 2,500 குரோனர்." போனில சொல்லத் தொடங்கினால் வேலை இருக்கெண்டு பாதியில வைச்சிடுவாய். அதுதான் எழுதிறன். ஆறுதலாய் வாசி.

அதை வாங்காதை. விளம்பரத்திலேயே 1991 எண்டு கிடக்குது. 1998 யூலையில இருந்து நோர்வேயில புதுசாய்ப் பூட்டுற விறகடுப்பு, புகையையும் சேர்த்து எரிக்கிற வகையாய் இருக்கவேணும். ஏற்கெனவே பூட்டின பழசை நீ இருக்கிற ஹாமாரில எரிக்கலாம். ஒரு வீட்டில கழட்டி இன்னொரு வீட்டில பூட்ட ஏலாது. இங்க பேர்கனில 2021 தை முதலாம் திகதியில இருந்து எரிக்கவும் விடுறதில்லை. அதுதான் 2,500க்கு மலிவாய்த் தாறாங்கள். மாஸ்டர் படிச்ச பிள்ளைக்கு ஆண்டைப் பார்க்கத் தெரியேல்லை. ஆனால் 29 வயதில தன்ரை பேரில வீடு வாங்கினதும் எங்கட குடும்பத்தில நீதான். அதையும் சொல்லத்தான் வேணும்.

பழசு வாங்கிறது பிழையில்லை, நல்ல வார்ப்பிரும்பு 30, 40 வருசம் நிக்கும். 1998க்குப் பிந்தினதாய்ப் பார். பின்பக்கத் தகட்டில என்எஸ் 3059 (நோர்வேயின்ரை புகை அளவுத் தரம்) எண்டோ, சிஈ குறியோ இருக்கும். தகடு இல்லாட்டி வேண்டாம். உள்ளுக்கு, மேல்பக்கமாய் வரிசையாய்ச் சின்ன ஓட்டைகள் இருக்கோ எண்டு பார். அதாலதான் சூடான காற்று வந்து புகையை இரண்டாம் தரம் எரிக்கிறது.

எத்தனை கிலோவாற் வேணும் எண்டும் பார்க்கவேணும். உன்ரை வீடு பழைய மரவீடு, சுவருக்குள்ள பஞ்சு குறைவு. சதுர மீற்றருக்கு 80 முதல் 100 வாற் எண்டு வை. கீழ்த்தளம் 45 சதுர மீற்றர் எண்டால் 4, நாலரை கிலோவாற் காணும். ஆள் எத்தனை எண்டதை வைச்சு இல்லை, பரப்பை வைச்சுத்தான் இந்தக் கணக்கு. அதனால நான் அதைக் கேட்கேல்லை. குளிருக்குப் பயந்து 9 கிலோவாற் வாங்கிறவை கன பேர். வாங்கிப்போட்டு வெக்கை தாங்காமல் காற்றை அடைச்சு அடைச்சு எரிப்பினம். விறகு மூச்சடைச்சுப் புகையும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கிக்குள்ள தார் படியும். ஒருநாள் அந்தத் தார் தீப்பிடிக்கும். சின்ன அடுப்பை நல்லாய் எரி.

பார்க்கப் போகேக்க ரோச் லைற், ஒரு வெள்ளைப் பேப்பர், ஒரு ஸ்பானர் கொண்டுபோ. அறையை இருட்டாக்கி, ரோச்சை அடுப்புக்குள்ள வைச்சுக் கதவைச் சாத்து. வெளியில எந்தப் பொருத்தாலும் வெளிச்சம் தெரிஞ்சால் அந்த இடத்துச் சீமெந்து காய்ஞ்சு உதிர்ந்துபோச்சு. அது திருத்தலாம், ஆனால் கழட்டிப் பூட்டிற வேலை; விலையில அடிச்சுக் குறை. அடுத்தது கதவு. பேப்பரை இடையில வைச்சுப் பூட்டி இழு. இறுக்கிப் பிடிச்சால் நல்லது, வழுக்கி வந்தால் கதவைச் சுத்தியிருக்கிற கயிறு தேய்ஞ்சு போச்சு. அது பிரச்சினையே இல்லை. அந்த அடுப்புக்குச் சரியான தடிப்பில கயிறு வாங்கிப் பசை போட்டு ஒட்டினால் முடிஞ்சுது. மேல்மூடியைக் கழட்டித் தூக்கிப் பிடிச்சு ஸ்பானரால மெல்லத் தட்டு. மணி மாதிரிக் கேட்டால் முழுசு, மண்சட்டி மாதிரிக் கேட்டால் எங்கேயோ வெடிப்பு. வெல்ட் பிடிச்சுத் தாறன் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதை. வார்ப்பிரும்பில போட்ட வெல்ட் சூடேறேக்க பக்கத்தால வெடிக்கிறது கன தரம் நடக்கும்.

உள்ளுக்கு இருக்கிற, சூடு தாங்கிற வேர்மிகுலைற் தகடு கீறியிருந்தால் பரவாயில்லை, துண்டு விழுந்திருந்தால் மாத்தவேணும். நெருப்புக்கு மேல இருக்கிற தட்டு வளைஞ்சிருந்தால் அந்த அடுப்பை அளவுக்கு மிஞ்சி எரிச்சிருக்கினம். அதுக்கு உதிரிப்பாகம் இப்பவும் வருதோ எண்டு கேட்ட பிறகுதான் காசைக் குடு. வெளித்துருவுக்குப் பயப்பிடாதை, கம்பித் தூரிகையும் அடுப்புக் கறுப்பும் காணும்.

இதெல்லாத்துக்கும் முதல் புகைபோக்கி. கொம்யூனில (நகரசபையில) புகைபோக்கி துடைக்கிற பகுதிக்குப் போன் பண்ணி உன்ரை வீட்டு அறிக்கையைக் கேள். எரிக்கத் தடை போட்டிருக்கோ, உள்ளுக்குச் செங்கல் வெடிச்சிருக்கோ எண்டு அதில இருக்கும். உள்ளுக்கு உருக்குக் குழாய் இறக்கவேண்டி வந்தால் அடுப்பின்ரை விலையைப்போல சில மடங்கு போகும். பூட்டின பிறகு தொழில் தெரிஞ்ச ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேணும், கொம்யூனுக்கும் அறிவிக்கவேணும். கையெழுத்து இல்லாமல் ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரன் அதைத்தான் முதல் கேட்பான்.

இரண்டாவது படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தன். அடுப்பு வைக்கப்போற மூலைக்குப் பக்கத்தில ஒரு ஒற்றை மெத்தை கிடக்குது. அது அங்க கிடக்க ஏலாது. கதவுக்கு முன்னால 30 சென்ரிமீற்றருக்கு எரியாத தகடு வேணும், வெறும் புகைக்குழாயில இருந்து மரச்சுவருக்கும் 30 சென்ரிமீற்றர் விடவேணும். மெத்தை, கதிரை, திரைச்சீலை ஒரு மீற்றருக்குக் கிட்ட வரவே கூடாது. மேலே படுக்கை அறை இருக்கெண்டுதானே அண்டைக்குச் சொன்னனீ. சரி, விடு. மெத்தையைத் தள்ளு.

அலாரம் வாங்கு. நெருப்பு அலாரம் இல்லை, காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கான அலாரம், பெட்டியில ஈஎன் 50291 எண்டு இருக்கவேணும். அடுப்பு வர முதல் அது வரட்டும். குசினி விசிறியைப் போட்டால் ஜன்னலைத் திற. இல்லாட்டி விசிறி புகையைத் திருப்பி வீட்டுக்குள்ள இழுக்கும். காற்றுத் துவாரத்தை அடைக்காதை. எவ்வளவு குளிரெண்டாலும் அடைக்காதை.

ஏன் இந்த மனுசன் இதையே சொல்லுறார் எண்டு நினைப்பாய். முந்தி நாங்கள் இருந்த, நோர்வேயின்ரை வடக்கில உள்ள வார்டோ வீட்டில ஜன்னலுக்கு மேல இருந்த துவாரத்துக்குள்ள பழைய சாரத்தைத் திணிச்சு அடைச்சது நான். சூடு வீணாய்ப் போகுதெண்டு, தணல் கிடக்கேக்கையே புகைக்குழாய் மூடியையும் சாத்திப்போட்டுப் படுப்பன். தணல்தான் காபன் மொனொக்சைட்டைக் கூட விடும். சுவாலையும் இல்லை, புகையும் இல்லை, மணமும் இல்லை. மூடி சாத்தினால் அது அறைக்குள்ளதான் வரும். விடியத் தலையிடிக்குது எண்டு நீயும் தம்பியும் சொல்லுவியள். ரீவி பார்த்த தலையிடி எண்டு ஏசிப் பள்ளிக்கூடம் அனுப்பினன். இந்த அடுப்பு வேலைக்கு வந்தாப்பிறகுதான் எனக்கு விளங்கினது. அம்மாவுக்கு இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லேக்க நான் கேட்கேல்லை. இப்ப நீ ஒண்டும் சொல்லிறேல்லை.

விறகு. பேர்ச் மர விறகு வாங்கு, 30 சென்ரிமீற்றர் துண்டு. ஈரம் 20 வீதத்துக்குக் கீழ இருக்கவேணும். ஒரு கட்டையைப் பிளந்து உள்முகத்தில அள, வெளித்தோலில அளந்தால் பொய் சொல்லும். அளக்கிற கருவி இல்லாட்டி ஒரு நுனியில பாத்திரச் சவர்க்காரத்தைப் பூசி மற்ற நுனியில வாய்வைச்சு ஊது. காய்ஞ்ச பேர்ச் எண்டால் நுரை வரும். பெரிய கட்டை இரண்டைக் கீழ வைச்சு, சின்னக் குச்சிகளைக் குறுக்காய் மேல அடுக்கி, மேல இருந்து கொளுத்து. காற்று முழுசாய்த் திறந்திருக்கட்டும். ஒரு கிலோ காய்ஞ்ச விறகில 4 கிலோவாற் மணி, அடுப்பில போறது போக 3 உன்ரை கைக்கு வரும். ஒரு தரத்துக்கு ஒண்டரைக் கிலோ காணும். புதுசாய்ப் பூட்டினால் முதல் 3 தரமும் சின்ன நெருப்பு மட்டும். இரும்பு பழகவேணும், வண்ணம் மணக்கும், ஜன்னலைத் திற. சாம்பலை மூடியுள்ள தகர வாளியில அள்ளி வெளியில கல்லில வை. பிளாஸ்ரிக் பையில போடாதை, அதுக்குள்ள தணல் நாட்கணக்கில உயிரோட கிடக்கும்.

அடுப்பு 120 கிலோ வரும். கதவையும் உள்தகடுகளையும் கழட்டினாலும் இரண்டு பேர் வேணும். அங்க இரண்டாவது ஆள் இருக்கோ இல்லையோ, குகன் சித்தப்பா வான் தாறன் எண்டவர், நானும் அவரும் வருவம்.

அதுக்கு முதல் 3 படம் அனுப்பு. அளவு நாடாவைப் பிடிச்சுக்கொண்டு அந்த மூலை, புகைபோக்கி அறிக்கை, சுவரில பூட்டின அலாரம். மூண்டாவது படம் வராமல் நாங்கள் வெளிக்கிட மாட்டம்.

அப்பா