சுண்டெலி வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

சனிக்கிழமை சுண்டெலி வாங்கப் போவதாகப் பேத்தி நேற்று போனில் மூச்சு விடாமல் சொன்னாள். முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அங் மோ கியோவிலிருந்து பொங்கோலில் உன் வீட்டுக்கு வர எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். அதனால்தான் எழுதுகிறேன். கடைக்குள் நுழையுமுன் ஒரு தடவை படித்துவிடு.

ஆய்வுக்கூடத்து எலி அறையில் அப்பா 19 வருடம் கூண்டு கழுவியவன் என்று உனக்குத் தெரியும். தினமும் காலையில் கதவருகே ஒரு நிமிடம் அசையாமல் நிற்பேன். மரத்தூள் சரசரக்கும், தண்ணீர்க் குழாயின் குண்டு உருளும், அவ்வளவுதான் கேட்கவேண்டும். நடுவே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்தால், ஏதோ ஒன்றுக்கு நெஞ்சு கட்டியிருக்கிறது என்று பொருள். சுண்டெலிக்குச் சளிநோய் பொல்லாதது. ஒன்றுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும். அறிகுறி தெரியாமலே உள்ளே கிடக்கும்.

அதனால் எலியைப் பார்க்குமுன் கூண்டைப் பார். ஒன்று தும்மினாலும், மூக்கு ஒழுகினாலும், பின்புறம் ஈரமாக இருந்தாலும் அந்தக் கூண்டில் எதையும் வாங்காதே. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

உனக்கு ஏழு வயதில் நாம் வாங்கினோமே, மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்த பழுப்பு எலி. "பாவம்ப்பா, இதையே எடுத்துக்கலாம்" என்றாய். முடி சிலிர்த்து நின்றது, கண் பாதி மூடியிருந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உன் முகத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பதினொரு நாள்தான் இருந்தது. கைக்குட்டையில் சுற்றி நீ மடியில் வைத்திருந்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நல்ல எலி கை உள்ளே போனதும் ஓடும். அப்புறம் மீசையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து மோந்து பார்க்கும். கண் மிளகு மாதிரி பளபளக்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் ஊதிப் பார், சிரங்கோ சொட்டையோ இருந்தால் பூச்சிக்கடியாக இருக்கலாம். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமடிப்பதை விளையாட்டு என்று நினைக்காதே, அது நோய். கடைக்காரர் வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டினால் தடுத்துவிடு. இரண்டு உள்ளங்கையையும் குவித்து ஏந்தச் சொல்.

ஒன்றை மட்டும் வாங்காதே, தனியாக ஏங்கிப்போகும். ஆண் இரண்டைச் சேர்த்தால் ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும், நெடியும் தாங்காது. இரண்டு பெண்ணாக எடு, முடிந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகளாக. 5 முதல் 8 வாரக் குட்டி தோதான வயது. பெண் என்று வாயால் சொன்னால் போதாது. வாலடியில் இரண்டு துவாரமும் நெருங்கியிருந்தால் பெண், விலகியிருந்தால் ஆண். ஆண்களிடமிருந்து எப்போது பிரித்தார்கள் என்றும் கேள். சினை காலம் மூன்று வாரம்தான். தாமதமாகப் பிரித்திருந்தால் வீட்டுக்கு வந்து குட்டி போடும்.

சிங்கப்பூரில் சுண்டெலி வளர்க்கலாம். முள்ளெலி, மரத்துக்கு மரம் மிதந்து தாவும் சுகர் கிளைடர் போன்றவற்றுக்குத்தான் அனுமதி இல்லை, மாப்பிள்ளை கவலைப்பட வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவை உரிமம் கொடுத்த கடையாகப் பார்த்துப் போ. கூண்டை வெயில் படும் சன்னல் பக்கம் வைக்காதே. நம் ஊர் வெக்கை அதற்கு ஆகாது.

இரண்டு வருடம் இருந்தாலே நல்ல ஆயுசு என்று பேத்தியிடம் இப்போதே சொல்லிவிடு. பிறகு சொன்னால் ஏமாற்றியது போலாகும்.

சனிக்கிழமை கூண்டு முன்னால் நின்றதும் எனக்குப் போன் போடு. பேசாதே, போனைக் கூண்டோடு ஒட்டி வை. நானும் ஒரு நிமிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா