ஸ்டீபன் கரிக்கு வயதாகிவிட்டதா?

ஆசிரியருக்கு,

அக்டோபரில் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் மாலையில் பந்து தட்டும் எங்கள் கூட்டம் இப்போதே இரண்டாகப் பிரிந்துவிட்டது. எல்லாம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி விவகாரம். "அண்ணாச்சி, அது கிழட்டு டீமுல்லா, பிளே-ஆஃபே தேறாது" என்கிறான் கல்லூரிப் பையன் ஒருவன். (பிளே-ஆஃப் என்றால் பருவக் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் சுற்று.) அந்த அணியின் நட்சத்திரம் ஸ்டீபன் கரி பிறந்தது 1988இல். அணி கடைசியாகக் கோப்பை வாங்கியது 2022இல். கணக்கு அவன் பக்கம்தான், மறுக்கவில்லை.

ஆனால் 2014இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி கோப்பையை ஜெயித்தபோது அதன் ஆட்டக்காரர்கள் டிம் டங்கனுக்கு வயது 38, ஜினோபிலிக்கு 36. அந்தப் பருவத்தில் அந்த அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடத்தைத் தொடவில்லை. பயிற்சியாளர் போபோவிச் ஆளை மாற்றி மாற்றி இறக்கினார். ஒரு பருவத்தின் 82 ஆட்டத்துக்கு முழங்கால் தாங்க வேண்டுமே! (எனக்கு 47. அரைமணி ஆடினால் மறுநாள் மாடிப்படி இறங்கக் கம்பியைப் பிடிக்கிறேன். தூரத்திலிருந்து எறிவது மட்டும் இன்னும் விழுகிறது.) கரியை அப்படி அளந்து ஆடவைத்து, ஓடுவதற்கு இளசுகள் நாலு பேர் இருந்தால் பிளே-ஆஃப் வரை போகலாம். கோப்பை கஷ்டம்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் ஆட்டம் நமக்குக் காலையில் முடிகிறது. மறுநாள் பேப்பரில் ஸ்கோரையாவது ஒரு வரி போடுங்களேன். கிரிக்கெட் போக அவ்வளவு இடம்கூடவா மிஞ்சாது?

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை