பாப்பாவுக்கு: ஆர்ப்ரோத் இரண்டாவதாக வந்த வருஷம்

அன்புள்ள பாப்பா,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஆபீஸில் உங்க அப்பாவுக்குக் கால்பந்தில் எந்த டீம் என்று கேட்டார்களாம், நீ ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் என்றாயாம், அவர்கள் உடனே போனில் தேடிப் பார்த்து 36-0 என்று விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? 1885 செப்டம்பரில் ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டத்தில் பான் அக்கார்ட் என்ற டீமுக்கு 36 கோல் போட்டது நாம், வாங்கினது அவர்கள். ஜாக்கி பெட்ரி என்ற ஒருத்தர் மட்டும் 13 கோல். சரி, பெருமைதான், ஆனால் சுமார் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு மத்தியானத்தை வைத்துத்தான் அந்த ஊரை உலகத்துக்குத் தெரியும் என்றால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீ அவர்களிடம் 2021-22 சீசனைச் சொல்லியிருக்க வேண்டும். நீ ஆஸ்திரேலியாவுக்குப் போன வருஷம். போனில் உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன், பாதி நேரம் உனக்கு அங்கே நடுராத்திரி, உம் உம் என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாய். அதனால் முழுசாக எழுதுகிறேன், டீ குடித்துக்கொண்டே படி.

முதலில் லீக் கணக்கு, இல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. ஸ்காட்லாந்தில் மேலே பிரீமியர்ஷிப், செல்டிக், ரேஞ்சர்ஸ் எல்லாம் ஆடுவது. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், பத்தே டீம், ஒவ்வொரு டீமும் மற்ற ஒன்பது பேரோடு நான்கு முறை ஆட வேண்டும், ஆக 36 ஆட்டம். முதலில் வருகிறவன் நேராக மேலே போவான். இரண்டு, மூன்று, நான்கு மூவரும் பிளே-ஆஃப் ஆடி, அதில் ஜெயித்தவன் கடைசியில் பிரீமியர்ஷிப்பில் பதினோராவதாக வந்தவனோடு மோத வேண்டும். அடியில் பத்தாவது கீழே போகும், ஒன்பதாவதுக்கு அங்கேயும் ஒரு பிளே-ஆஃப். ஒரே டீமை வருஷத்தில் நான்கு தடவை பார்ப்பதால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, கார்னருக்கு எவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்பதுகூட அத்துப்படி ஆகிவிடும். எனக்கு இந்த லீக் பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

நம்ம ஊர் டண்டீயில் ஒரே தெருவில் இரண்டு ஸ்டேடியம் இருக்கும்போது ரயில் ஏறி ஆர்ப்ரோத் போவானேன் என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். நீ போன பிறகு சனிக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. என்னோடு ஷிஃப்ட்டில் இருக்கும் ஒருத்தர் சும்மா வா என்று கூட்டிக்கொண்டு போனார். கடலோரமாகவே போகிற ரயில், கார்னூஸ்டியைத் தாண்டியதும் சீக்கிரம் வந்துவிடும். இறங்கி நடந்தால் துறைமுகத்துப் பக்கம் மீன் புகை வாடை வரும். ஹேடக் மீனை வாலோடு வால் கட்டி ஜோடி ஜோடியாகக் குச்சியில் தொங்கவிட்டு, பீப்பாய்க்குள் மரக்கட்டை மூட்டி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். சூட்டோடு எடுத்து முள்ளை உருவினால் சதை தானாகக் கழன்று வரும், உப்பும் புகையும் தவிர ஒன்றும் கிடையாது. முதல் முறை நான் மிளகாய்த்தூள் தேடினேன். இப்போது தேடுவதில்லை.

ஸ்டேடியம் பேர் கேஃபீல்ட். கடலை ஒட்டி என்று சொன்னால் மெரினா போல மணல் தாண்டிக் கடல் என்று நினைக்காதே, சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வட கடல், அவ்வளவுதான். புயல் நாளில் அலை சுவர் ஏறி உள்ளே தெளிக்கும். காற்றடிக்கும் நாளில் கோல் கீப்பர் கோல் கிக்குக்குப் பந்தை வைப்பார், நாலு அடி பின்னால் போவார், திரும்பிப் பார்த்தால் பந்து உருண்டு போயிருக்கும். மறுபடி வைப்பார், புல்லில் குதிகாலால் ஒரு பள்ளம் தோண்டி அதில் உட்கார வைப்பார். அப்புறம் ஓங்கி உதைத்தால் பந்து பாதி தூரம் போய், ஆகாயத்தில் யோசித்து, திரும்பி அவர் பக்கமே வரும். வெளியூர் டீம்காரர்கள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். நம்ம ஆட்கள் மட்டும் பந்தைத் தரையோடு வைத்துக்கொண்டு ஆடுவார்கள், பழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் சாம்பியன்ஷிப்பில் இருந்த பத்து டீமில் ஆர்ப்ரோத் மட்டும்தான் பகுதி நேர டீம். ஆடுகிறவர்களுக்கெல்லாம் பகலில் வேறு வேலை. பாபி லின் குப்பை வண்டியில் வேலை பார்ப்பவர், விடிகாலையில் எழுந்து தெருத் தெருவாகக் குப்பைத் தொட்டி தள்ளிவிட்டு சனிக்கிழமை விங்கில் ஓடுவார், அதுவும் முப்பத்தைந்து வயதில். வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி பயிற்சி. மற்ற ஒன்பது டீமும் காலையில் எழுந்து கால்பந்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாதவர்கள். அதில் கில்மார்னக், முந்தின வருஷம்தான் பிரீமியர்ஷிப்பிலிருந்து இறங்கியது, பணமும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது.

மேனேஜர் டிக் கேம்ப்பெல். தலையில் எப்போதும் ஒரு தட்டைத் தொப்பி, அப்போது வயது 68, கூடவே துணை மேனேஜராக அவருடைய இரட்டைச் சகோதரர் இயன். 2016-இல் அவர் வந்தபோது ஆர்ப்ரோத் நான்காம் அடுக்கில் கிடந்தது. அடுத்த வருஷமே அதை ஜெயித்து, 2019-இல் மூன்றாம் அடுக்கையும் (அதன் பேர் ‘லீக் ஒன்று’) ஜெயித்து சாம்பியன்ஷிப்புக்குக் கொண்டு வந்துவிட்டார். பகுதி நேரம் என்பதை அவர் குறையாகப் பார்க்கவே இல்லை, அதில் ஒரு கணக்கு இருந்தது. இந்த அடுக்கில் முழுநேரச் சம்பளம் என்பது ஒன்றும் கொட்டிக் கொடுப்பதல்ல. முப்பதை நெருங்குகிற, வீட்டுக் கடன் இருக்கிற ஒருத்தன் நல்ல வேலையை விட்டுவிட்டு அதற்காகப் போனால் நஷ்டம்தான். வேலைச் சம்பளமும் கால்பந்துச் சம்பளமும் சேர்ந்தால் அவன் கை நிறையும். அப்படிப்பட்ட, ஆட்டம் நன்றாகத் தெரிந்த, ஆனால் வேலையை விட மனமில்லாத ஆட்களாகப் பார்த்து அவர் சேர்த்தார். சேர்த்தவர்களை மாற்றவில்லை. வருஷக்கணக்காக ஒன்றாகவே ஆடினவர்கள், பயிற்சிக்கு இரண்டு ராத்திரி போதும் என்றால் அதனால்தான் போதும்.

2021 டிசம்பரில் ஆர்ப்ரோத் முதலிடத்தில் இருந்தது. அப்போது கோவிட் மறுபடி ஏறி, கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து ஸ்டேடியத்துக்குள் 500 பேர்தான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நெடுங்காலம் கீழே கிடந்த டீம் மேலே இருக்கும்போது ஊர்க்காரனே உள்ளே போக முடியாத கொடுமையைப் பார். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன், நேற்று வந்தவன் நான். நல்லவேளை ஜனவரி நடுவில் அதை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஜனவரியில்தான் பணம் தன் வேலையைக் காட்டியது. கில்மார்னக் ஏற்கெனவே மேனேஜரை அனுப்பிவிட்டு டெரெக் மெக்கின்னஸைக் கொண்டு வந்தது, அவர் வந்ததும் வட அயர்லாந்து ஸ்ட்ரைக்கர் கைல் லாஃபர்ட்டி வந்தார். நமக்கோ லோனில், அதாவது இரவலாக, வந்து கலக்கிக்கொண்டிருந்த ஜோயல் நூபிளை அவருடைய சொந்த டீமான லிவிங்ஸ்டன் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அவர்கள் பிள்ளை, அவர்கள் கூப்பிடுகிறார்கள், என்ன செய்ய முடியும். இருந்தும் ஏப்ரல் வரை விடவில்லை. மைக்கேல் மெக்கென்னா நடுக்களத்திலிருந்து ஓடி வந்து ஓடி வந்து கோல் போட்டார், அந்த வருஷம் சாம்பியன்ஷிப்பின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்புறம் ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை ராத்திரி, கில்மார்னக்கில் அவர்களோடேயே ஆட்டம். அவர்கள் ஜெயித்தால் கோப்பை அன்றைக்கே அவர்களுக்கு, நாம் ஜெயித்தால் முதலிடம் நமக்கு. அப்படி ஒரு ஆட்டத்தை யாரும் உட்கார்ந்து எழுதினாலும் அமையாது. நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் டிவி முன்னால். அம்மா சப்பாத்தி போட்டுக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தாள். நாம்தான் முதலில் முன்னிலை. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, ஆட்டம் முடியப் போகிறது, எனக்கு உனக்கு மெசேஜ் அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது, கண் பட்டுவிடும் என்று அனுப்பவில்லை. சமன் செய்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, கடைசி நிமிடங்களில் பிளேர் ஆல்ஸ்டன் ஒன்று போட்டார். 2-1. விசில் அடித்ததும் அவர்கள் ஆட்கள் அத்தனை பேரும் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். சீசன் முடிந்தபோது கில்மார்னக் 67 புள்ளி, ஆர்ப்ரோத் 65. இரண்டே புள்ளி, 36 ஆட்டத்தில்.

எனக்கு அதைவிட வலித்தது அடுத்து வந்ததுதான். பிளே-ஆஃப் அரையிறுதியில் இன்வர்னெஸ். அங்கே போய் 0-0. பஸ் ஏறித் திரும்பி வந்து காலையில் வேலைக்குப் போனவர்கள் அவர்கள், இதை எந்த டிவியிலும் காட்டவில்லை. இரண்டாவது ஆட்டம் கேஃபீல்டில், ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது, நானும் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இன்வர்னெஸ் இரண்டு ரெட் கார்டு வாங்கி ஒன்பது பேராகிவிட்டது. ஒன்பது பேர், பாப்பா! கூடுதல் நேரமும் சேர்த்து ஆடியும் கோல் விழவில்லை. ஒன்பது பேரும் கோலுக்கு முன்னால் பெனால்டி பெட்டிக்குள் மதில் போல நின்றுவிட்டார்கள், நம்ம ஆட்கள் கிராஸ் மேல் கிராஸ் போட்டுக்கொண்டே இருந்தார்கள், பொறுமையாக இரண்டு பாஸ் கொடுத்து ஓரத்தில் ஆளை இழுத்திருக்கலாம், அவசரம். பெனால்டியில் தோற்றோம். பக்கத்தில் நின்ற தாத்தா ஒருத்தர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடிவிட்டு, "அடுத்த சீசன் ஜூலையில் தொடங்கும்" என்றார், அவ்வளவுதான், போய்விட்டார். அந்த இன்வர்னெஸும் இறுதியில் செயின்ட் ஜான்ஸ்டனிடம் தோற்று மேலே போகாமலேயே நின்றது வேறு கதை.

பத்திரிகைகள் எல்லாம் தேவதைக் கதை, தேவதைக் கதை என்று எழுதித் தள்ளின. நல்ல மனசோடுதான் எழுதினார்கள், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ கடற்கரை ஊர், ஏதோ தொப்பிக்காரத் தாத்தா, காற்று வந்து ஜெயிக்க வைத்தது என்பது போல. காற்று இரண்டு பக்கமும்தான் அடிக்கிறது, பாதி ஆட்டத்துக்கு அப்புறம் டீம்கள் பக்கம் மாறிவிடும். கோல் விடாமல் தடுப்பதில் கில்மார்னக்குக்கு இணையாக நின்றார்கள், அது வேண்டுதலால் வருவதல்ல. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி மழையில் நின்று, கார்னர் வந்தால் எவன் எவனைப் பிடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழகினதால் வருவது. அவர்களை முழுநேரக்காரர்களைப் போலவே திட்டினால்தான் எனக்குத் திருப்தி, அந்த இன்வர்னெஸ் ஆட்டத்துக்கு நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். 2023 நவம்பரில் கேம்ப்பெல் போய்விட்டார், அந்த சீசன் கடைசியில் டீம் கீழே இறங்கியது, அடுத்த வருஷமே லீக் ஒன்றை ஜெயித்துத் திரும்பி வந்தது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ போன புதிதில் போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டியா, குளிர் எப்படி, வேலை எப்படி என்று மூன்று கேள்விக்கு மேல் எனக்கு வாயில் ஒன்றும் வராது, போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நீயும் ஏதோ மனசு சரியில்லாமல் இருக்கிறாய் என்று குரலிலேயே தெரியும், கேட்கவும் தெரியாது. அந்த வருஷம்தான் நீயே "அப்பா, சனிக்கிழமை என்ன ஆச்சு" என்று கேட்க ஆரம்பித்தாய். உனக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்றுகூட அப்போது தெரியாது, சும்மா எனக்காகக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் அரை மணி நேரம் பேசுவேன், நடு நடுவே நீயும் உன் கதையைச் சொல்லிவிடுவாய், அந்த வீட்டுக்காரி செய்த தகராறு, முதல் வேலை போனது, எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஆகஸ்டில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல். சீசன் அட்டவணை வந்ததும் கேஃபீல்டில் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையாகப் பார்த்துச் சொல்கிறேன். கூட்டத்தைப் பிரித்து நிறுத்தாத ஆட்டமாக இருந்தால் பாதியில் நாமும் எழுந்து அந்தப் பக்கக் கோலுக்குப் பின்னால் போய் நிற்கலாம், ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆகஸ்ட்தானே என்று மெல்லிய சட்டையோடு வந்துவிடாதே, கடல் காற்றுக்கு ஆகஸ்ட் தெரியாது. அம்மாவுக்கு அந்த சாம்பல் நிற ஷூ 38 சைஸ்தான், 37 கடிக்கிறதாம்.

அன்புடன்,
அப்பா