‘லைன்’ என்றால் கோடு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் வரும் ஆங்கிலச் சொற்பட்டியலை என் பேத்தி தவறாமல் வெட்டி நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்கிறாள். அதில் ‘லைன்’ என்ற சொல்லுக்குக் ‘கோடு’ என்ற ஒரே பொருள்தான் தரப்பட்டிருந்தது. சென்ற வாரம், மீனவர் ஒருவர் லைனைக் கடலில் இறக்கினார் என்னும் ஆங்கில வாக்கியத்தை அவள் ‘மீனவர் கடலில் கோடு போட்டார்’ என்று மொழிபெயர்த்திருந்தாள்; அங்கே லைன் என்பது தூண்டில் கயிறு. நீண்ட கயிற்றில் வரிசையாகப் பல தூண்டில்களைக் கட்டிய ஆயிரங்கால் தூண்டில் போட்டே என்னைப் படிக்கவைத்த என் தந்தையின் கொள்ளுப்பேத்தி அப்படி எழுதியதைக் கண்டு மிகவும் வருந்தினேன். குழந்தையின் மீது குற்றமில்லை.

ஆளிச் செடியின் நாரில் முறுக்கிய நூலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது ‘லைன்’. ஆகவே நூலும் கயிறுமே அதன் பழைய பொருள்கள்; காகிதத்தில் இழுக்கும் கோடு பின்னால் வந்தது. கப்பலில் வேலைக்குப் பயன்படும் கயிற்றை ஆங்கில மாலுமிகள் இன்றும் லைன் என்றே சொல்கிறார்கள். நம் கடற்கரையிலோ பாயை இழுத்துக் கட்டுவது தாமான், கப்பலைக் கட்டும் பெருங்கயிறு ஆலாத்து என்று வேலைக்கொரு பெயர் உண்டு. மின்கம்பியும், தொலைபேசி இணைப்பும், ரேஷன் கடை வரிசையும், செய்யுளின் அடியும் ஆங்கிலத்தில் லைன்தான். 1914-இல் பாம்பன் பாலத்தின் வழியே கடலைக் கடந்து வந்ததும், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி இழந்ததும் ரயில் லைன்.

கோடு என்ற பொருளே சரியாகப் பொருந்தும் இடத்திலும் குழந்தைக்கு விளக்கம் தேவைப்படுகிறது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976-ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் வகுத்த எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறதே தவிர, தண்ணீரில் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ‘லைனைத் தாண்டிவிட்டார்கள்’ என்ற செய்தி வரும் நாளில் எங்கள் ஊர்ப் பெண்கள் கரையில் காத்து நிற்பது எதனால் என்பதை, ‘கோடு’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் படித்த பிள்ளை எப்படி அறியும்?

ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று அச்சிடாமல், இடத்துக்கு ஒன்றாக மூன்று நான்கு வாக்கியங்களேனும் தருமாறு வேண்டுகிறேன். ‘பேங்க்’ என்ற சொல் வரும்போது வங்கியோடும் ஆற்றங்கரையோடும், மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டான ‘பார்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஆங்கிலேயர் அந்தச் சொல்லையே வழங்கினார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.