‘பேராசை’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தீபாவளிச் சீட்டில் ஏமாந்தவர்களைப் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். ‘பேராசையால் பணத்தை இழந்த பெண்கள்’ என்ற தலைப்பு மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

முதலில் என் கதை. போன ஆடியில் பேரனுக்குச் சட்டை எடுக்கக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். ஆடி, எங்கள் பக்கம் கையில் காசு புழங்காத மாதம். இருந்ததெல்லாம் குறுவை நடவுக்கும் உரத்துக்கும் போயிருக்கும். பில் 2,640 ரூபாய் வந்தது. 3,000 ரூபாய்க்கு எடுத்தால் ஹாட்பாக்ஸ் இலவசமாம். “இன்னும் முன்னூத்தி அறுபதுக்குத்தாம்மா, அதப்போயி விட்டுட்டுப் போறீங்களே” என்றது கவுன்ட்டரில் நின்ற பெண். திரும்பிப் போய் இரண்டு நைட்டி எடுத்துவந்தேன். அவை இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ஹாட்பாக்ஸுக்கு மூடி பொருந்தவில்லை.

‘விட்டுட்டுப் போறீங்களே’ என்ற அந்தச் சொல்தான் என்னைத் திருப்பியது. விட்டுவிட்டுப் போவதற்கு அந்த ஹாட்பாக்ஸ் எப்போது என்னுடையதாக இருந்தது? டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் இதைத்தான் எழுதினார்கள். நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைகிற வலி மனிதர்களுக்குப் பெரிது. கைக்கே வராத பொருளைத் தொலைத்ததுபோலக் காட்டிவிட்டால் போதும், நாம் பர்ஸைத் திறந்துவிடுவோம்.

‘இலவசம்’ செய்கிற வேலை இன்னொன்று. அமெரிக்காவில் உசத்தியான சாக்லேட்டை 15 சென்ட்டுக்கும் சாதாரண சாக்லேட்டை 1 சென்ட்டுக்கும் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் உசத்தியானதை எடுத்தார்கள். அப்புறம் இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்தார்கள். இப்போது ஒன்று 14 சென்ட், மற்றது சும்மா. விலை வித்தியாசம் அதேதான், ஆனால் கூட்டம் சும்மா கிடைத்த பக்கம் சாய்ந்துவிட்டது. இவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்களா?

சரி, சீட்டுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் வயல் வேலைக்குப் போகிற ஒரு பெண் மாதம் 500 ரூபாய் கட்டினார். நடவும் அறுப்பும் முக்கால்வாசி மெஷினுக்குப் போய்விட்ட ஊரில், தீபாவளி நேரத்தில் கையில் கூலி இருக்கும் என்று அவரால் நம்பியிருக்க முடியாது. முதல் வருடம் மளிகை, பட்டாசு, வெள்ளிக் காசு எல்லாம் சொன்னபடி வந்தது. அந்த நேர்மையை நம்பித்தான் அடுத்த வருடம் மூன்று அட்டை போட்டார். சீட்டு நடத்தியவர் புரட்டாசியிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார்.

புகார் கொடுக்கச் சொன்னேன். “வேணாம் டீச்சரம்மா. பேராசப்பட்டவளுக்கு நல்லா வேணும்னு சொல்லுவாங்க” என்றார். இந்த வெட்கம்தான் ஏமாற்றியவனுக்குக் காவல். பேராசை பெருநஷ்டம் என்று நாமும் பழமொழி சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லையே! முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதைத் தடுக்க 2019-இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. ஆன்லைன் கடைகளின் 13 தந்திரங்களை 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் முதலாவதே ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது. எங்கும் குற்றம் விற்கிறவன் பேரில்தான், வாங்குகிறவர் மனசின் பேரில் இல்லை.

அதனால் இனி இப்படிப்பட்ட செய்தியைப் போடும்போது, தலைப்பில் ஏமாற்றியவரை வையுங்கள். காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். கடையில் ஏமாந்தவர்களுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் போடுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார். மூன்று அட்டைகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். வியாழக்கிழமை இருவரும் தஞ்சாவூர் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாபநாசம்