அலுமாரிகளைத் திறவுங்கள், தோழர்களே

யாழ்ப்பாணத்துத் தொழிற்சங்கங்களின் நிர்வாக சபைகளுக்கும் இடதுசாரிக் கட்சிகளின் மாவட்டக் குழுக்களுக்கும்,

மதிப்புக்குரிய தோழர்களே, வணக்கம்.

மே தினத்துக்கு முன்னர் உங்களில் ஒரு சங்கம் தன் அலுவலகத்துக்கு வெள்ளையடித்தது. பின்னறையில் கிடந்த பழைய கடதாசிக் கட்டுகளைக் கிலோக் கணக்கில் விற்றுவிட்டார்கள். எந்தச் சங்கம் என்று இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். நான் கேள்விப்பட்டு ஓடிப்போனபோது பேப்பர் வாங்குபவர் பாதிக்கு மேல் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மிச்சத்தைக் கிளறி ஒரு கூட்டறிக்கைப் புத்தகத்தை மட்டும் காசு கொடுத்து வாங்கி வந்தேன்.

ஆகவே நேரடியாகவே கேட்கிறேன். உங்களிடம் மிஞ்சியிருக்கும் அறிக்கைப் புத்தகங்கள், சந்தா ரசீதுகள், ரோனியோ எனும் பழைய படியெடுக்கும் இயந்திரத்தில் அடித்த துண்டுப்பிரசுரங்கள் எதையும் இனி விற்காதீர்கள், எரிக்காதீர்கள். அவற்றைப் படியெடுக்க விடுங்கள்.

என் கையிலிருக்கும் புத்தகம் 1980ஆம் ஆண்டுக்குரியது. ஜூலை வேலைநிறுத்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு இறங்கியவர்களில் 40,000 பேருக்கு மேல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. அந்தத் தொகை எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கும். இதில் இருப்பது வேறு. ஓகஸ்ட் மாதப் பக்கமொன்றில் நீல மையால் கோடு போட்டு நான்கு நிரல்கள்: பெயர், பிள்ளைகள் எத்தனை, வாடகை வீடா சொந்த வீடா, சேர்த்த நிதியிலிருந்து கொடுத்த காசு. ஒரு பெயருக்கு நேரே காசு எழுதும் இடத்தில், தனக்கு வேண்டாம், அடுத்த பெயருக்குச் சேர்த்துக் கொடுக்கவும் என்று எழுதி, அவரே கையொப்பமும் வைத்திருக்கிறார். என் அப்பாவின் பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். வேலை போன அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்கு அரிசி எப்படி வந்தது என்று அவர் சாகும்வரை எங்களோடு கதைத்ததில்லை. அதை நான் பழைய பேப்பர் குவியலுக்குள் இருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இந்தப் புத்தகங்களை 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அப்போதைய செயலாளர் யூரியாப் பையில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டு போனார். பிள்ளைகளின் உடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் அதற்கு இடம் எடுத்தார் என்று அவருடைய மனைவி சொன்னார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஒன்றும் குறையாமல் சங்கத்திடம் ஒப்படைத்தார். ஷெல்லுக்கும் மழைக்கும் தப்பியதைத்தான் நாங்கள் வெள்ளையடிக்க இடம் போதாதென்று விற்றிருக்கிறோம். 1981இல் நூலகம் எரிந்ததை வருடம் தவறாமல் நினைவுகூரும் ஊர் இது. எப்படி மனம் வந்தது, தோழர்களே?

கம்யூனிஸ்ட் தலைவர்களான கார்த்திகேசன் மாஸ்டரையும் சண்முகதாசனையும் யாரும் மறக்கப்போவதில்லை. 1956இல் பருத்தித்துறையில் வென்ற பொன். கந்தையாவின் பெயர் நாடாளுமன்றப் பதிவில் இருக்கும். ஆனால் 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சாதி அமைப்புத் தகரட்டும் என்று முழங்கிக்கொண்டு சுன்னாகத்திலிருந்து புறப்பட்டு, பொலிஸ் அடியையும் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் நோக்கி நடந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் எங்களுக்குத் தெரியும்? சாதி சொல்லித் தடுத்த தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்தவர்கள், 1968இல் உள்ளே போகும் உரிமை கேட்டு மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்கள், 1990இல் போரோடு நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் சந்தா கட்டியவர்கள், இவர்களுக்கு வேறெங்கே பதிவு இருக்கிறது? மேடையில் அவர்களைத் தியாகிகள் என்கிறீர்கள். அவர்கள் கையெழுத்திட்ட கடதாசி உங்கள் அலுமாரியில் கறையான் தின்னக் கிடக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் கேட்டு வந்தால், திறப்பு இன்னொருவரிடம் இருக்கிறது, அடுத்த கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறீர்கள்.

உட்கட்சிச் சண்டைகள், பிளவுகள், ஆளுக்காள் போட்ட குற்றச்சாட்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன என்ற உங்கள் தயக்கம் எனக்கு விளங்குகிறது. சரி, அப்படியான பக்கங்களைக் கொஞ்சக் காலம் யாருக்கும் காட்டாமல் வையுங்கள். அதற்கு நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம். அழிக்கத்தான் வேண்டாம் என்கிறேன்.

நூலக நிறுவனம் பல வருடங்களாகப் பழைய தமிழ் ஆவணங்களை மின்பிரதியாக்கி வருகிறது. பொது நூலகமும் பல்கலைக்கழக நூலகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. இவற்றில் எதைத் தெரிவுசெய்தாலும் எனக்குச் சம்மதம். தூசி தட்டவும் பட்டியல் எழுதவும் நானும் என் சிநேகிதிகள் சிலரும் சம்பளமில்லாமல் வரத் தயார். என்னிடமுள்ள புத்தகத்தையும் படியெடுத்தபின் சங்கத்திடமே திருப்பித் தருவேன்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்து, பழைய ஆவணம் எதையும் சபையின் எழுத்துமூல அனுமதியில்லாமல் அகற்றக்கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தின் பிரதியொன்றை எனக்கும் அனுப்பி வைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
1980இல் வேலை இழந்த எழுதுவினைஞர் ஒருவரின் மகள்
யாழ்ப்பாணம்